மாடித்தோட்டத்தை மேலிருந்து படமெடுக்க: ட்ரோனா, பக்கத்து மாடியா, ஒட்டடைக் கம்பா?

போன மாதம் கொளத்தூரிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருடமாகத் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு டிவி நிகழ்ச்சிக்காகப் படமெடுக்க வருகிறார்களாம். "மேலேருந்து ஒரு ஷாட் கண்டிப்பா வேணும், ட்ரோனுக்கு நீங்களே ஏற்பாடு பண்ணிடுங்கன்னு சொல்றாங்க சார். அவசியமா அது?" என்று கேட்டார். அதே வாரம் திருவொற்றியூரில் ஒரு தம்பி, யூடியூபில் தோட்ட வீடியோ போடுகிறவர், கையில் இருக்கும் சேமிப்பில் சின்ன ட்ரோன் வாங்கிவிடலாமா என்று கேட்டார். இரண்டு பேருக்கும் போனில் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

நான் புதுவண்ணாரப்பேட்டைக்காரன். கல்யாண வீடியோ எடுப்பது தொழில். செடிகள் மேல் உள்ள ஆசையால் பத்து வருடமாக உள்ளூர் கேபிள் நிகழ்ச்சிகளுக்கும் தெரிந்தவர்களுக்கும் மாடித்தோட்டங்களைப் படமெடுத்து வருகிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏறாத மொட்டை மாடி குறைவு. ஏறி இறங்கியதில் எனக்குத் தெரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வடசென்னை மாடித்தோட்டம் ஒன்றை மேலிருந்து காட்ட 15 அடி, மிஞ்சிப் போனால் 30 அடி உயரம் போதும். அந்த உயரத்துக்குப் போக ட்ரோனைவிட நல்ல வழிகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. ட்ரோன் கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு, அவையும் வரும்.

முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

பிபிசி தொலைக்காட்சி 1936-ல் ஆரம்பித்த அதே மாதத்தில் மிடில்டன் என்பவர் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் தோட்ட நிகழ்ச்சி நடத்த வந்துவிட்டார். நம் நாட்டில் கிருஷி தர்ஷன் என்ற விவசாய நிகழ்ச்சி 1967 ஜனவரி 26-ல் தொடங்கியது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்த பிறகு வயலும் வாழ்வும் பார்த்து வளர்ந்த வீடுகள் நம்முடையவை. அந்த நிகழ்ச்சிகளில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் வரப்பில் நிற்கும் விவசாயியும், அவர் உயரத்துக்கு நிற்கும் கேமராவும்தான். வானத்திலிருந்து காட்ட வேண்டுமென்றால் அப்போது ஹெலிகாப்டர் வேண்டும். தோட்ட நிகழ்ச்சிக்கு யார் அந்தச் செலவு செய்வார்கள்? சிறிய ட்ரோன்கள் வந்த பிறகு இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில்தான் பறவைப் பார்வை எல்லா நிகழ்ச்சிக்கும் பழக்கமாகிவிட்டது.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளில் அது பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிரான்ஸில் உள்ள வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் பூப்பாத்திகள் மாடி ஜன்னலில் நின்று பார்ப்பதற்கென்றே கோடு போட்டு அமைத்தவை. தரையில் நடந்தால் வெறும் வேலிச்செடிதான் தெரியும், மேலேயிருந்து பார்த்தால்தான் சித்திரம். நம் வாசல் கோலம் மாதிரி: குனிந்து போடுகிறோம், நிமிர்ந்து நின்றால்தான் முழுசாகத் தெரிகிறது. மாடித்தோட்டம் அப்படி வரைந்து வைத்தது கிடையாது. பெயிண்ட் டப்பா, குரோ பேக், உடைந்த தண்ணீர் டிரம் என்று கிடைத்ததை வைத்து வளர்ந்தது. அதற்கு மேலிருந்து எடுக்கும் படம் அழகுக்காக இல்லை, ஒழுங்கு புரிவதற்காக. தொட்டிகள் எந்தச் சுவரோரம் இருக்கின்றன, தண்ணீர் டேங்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, நடக்க வழி எங்கே, மழைநீர்க் குழாய் அடைபடாமல் இருக்கிறதா. பார்க்கிறவர் தன் மாடியில் இதையே செய்ய வேண்டுமென்றால் அவருக்கு வேண்டியது இவைதான்.

பாரம் விஷயம் எனக்கு முக்கியம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்பதுதான் இந்தியத் தரக் கணக்கு. நனைந்த செம்மண் நிரம்பிய நாலு பெரிய டிரம்கள் தளத்தின் நடுவில் ஒன்றாக இருந்தால் அது மீறிவிடும். தொட்டிகள் சுவர்களுக்கும் பீம்களுக்கும் மேலே வரிசையாக இருப்பதை ஒரே பார்வையில் காட்ட மேலிருந்து எடுத்த படத்தைப் போல வேறில்லை. ஆனால் ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. மேலேயிருந்து அது கான்கிரீட் மாதிரியேதான் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் கேமராவைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய் உத்தரத்தை ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஆக, நான் பார்ப்பது இவை: படம் என்ன சொல்லித் தர வேண்டும், அதற்கு எவ்வளவு உயரம், யாரிடம் அனுமதி, அக்கம்பக்கத்துக்கு என்ன சங்கடம், காற்று, கம்பி, பறவை, செடிக்கு என்ன ஆகும், கடைசியாகக் காசு.

உயரக் கணக்கு

இதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். செல்போனின் சாதாரண லென்ஸ், தான் இருக்கும் தூரத்தைப் போலச் சுமார் 1.4 மடங்கு அகலத்தைப் பார்க்கும். 10 அடி மேலே இருந்தால் 14 அடி. 0.5 என்று வரும் அகல லென்ஸ் பல போன்களில் சுமார் 2.7 மடங்கு பார்க்கும். அரை கிரவுண்டு மனை என்றால் 1,200 சதுர அடி. அதில் மொட்டை மாடி சுமாராக 20க்கு 40 அடி இருக்கும். அகல லென்ஸை நேர் மேலே 15 அடியில் பிடித்தால் 40 அடி நீளமும் உள்ளே வந்துவிடும். சாதாரண லென்ஸுக்கு 30 அடி வேண்டும்.

இப்போது ட்ரோனை 100 அடிக்கு ஏற்றினால் என்ன ஆகும்? அகலம் 140 அடி. உங்கள் தோட்டம் நடுவில் ஒரு பச்சைக் கட்டம், சுற்றிலும் அக்கம்பக்கத்து மாடிகள், அங்கே காயும் துணி, வடகம், படுத்திருக்கும் ஆட்கள். தோட்டத்தைக் காட்டப் போய்த் தெருவைக் காட்டின கதை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பங்குனி முதல் ஆனி வரை நம் மாடிகளில் நிழல்வலை கட்டியிருக்கும். எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தாலும் வலைதான் தெரியும். புடலை, பாகல் பந்தலும் அப்படியே. மேலே இலைக்கூரை, காயெல்லாம் கீழே தொங்கும். அந்தக் காலத்தில் மேலிருந்து படம் என்ற பேச்சையே விட்டுவிடலாம். தை, மாசியில் எடுங்கள். வலை இருக்காது, ஆடிப்பட்டத்தில் வைத்த கத்தரி, மிளகாய் இன்னும் நிற்கும், புதிதாக வைத்த தக்காளியும் கீரையும் நிறைந்திருக்கும்.

ட்ரோன்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டிய உயரம், வேண்டிய கோணம், கேமரா நகரும்போது வரும் அந்த வழுவழுப்பு, மூன்றும் இதில்தான் முழுசாகக் கிடைக்கும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை வரிசையாகக் காட்டிக்கொண்டு போகலாம்.

சட்டம்: ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை ஓட்டச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவை வணிக நோக்கம் இல்லாமல் ஓட்டினாலும் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சிக்காக ஓட்டுவது அந்த விலக்கில் வராது. வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் வரைபடம் வைத்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டிடமும், சிவப்பில் மத்திய அரசிடமும் அனுமதி வாங்க வேண்டும். விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

மீனம்பாக்கம் விமான நிலையம் நமக்குத் தூரம்தான். அதனால் நமக்குப் பிரச்சினை இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வடசென்னையில் வேறு என்னவெல்லாம் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கோட்டை, உயர் நீதிமன்றம், துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்த் துறைமுகம், அத்திப்பட்டு அனல்மின் நிலையம். இவற்றின் பக்கத்துத் தெருவில் ட்ரோன் எழும்பினால் வந்து விசாரிப்பார்கள், அது நியாயமும்கூட. தலைவர்கள் வரும் நாட்களில் காவல்துறை தனியாகத் தடை போடுவதும் உண்டு. வரைபடத்தைப் படமெடுக்கும் அன்று காலையிலேயே பார்க்க வேண்டும், போன மாதம் பார்த்தது செல்லாது. திருவொற்றியூர்த் தம்பிக்கு இன்னொன்று: 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாக இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பில் இல்லாமல், குறைந்த விலைக்கு யாராவது கொடுத்தால் அதைப் பதிவு செய்வதும் ரிப்பேர் செய்வதும் உங்கள் தலையில் விழும்.

அப்புறம் வானம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றி எப்போதும் பருந்துகள் வட்டமிடும். ஒரு தடவை தண்டையார்பேட்டையில் கூட வந்தவர் ட்ரோனை ஏற்றி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பருந்து மேலிருந்து சாய்ந்து வந்து அதை ஒட்டிப் போனது. அடுத்தது வரும் முன்னால் இறக்கிவிட்டோம். காக்கை கூடு கட்டும் சித்திரை, வைகாசியில் இன்னும் மோசம், ஒன்று கத்தினால் தெருவே திரண்டு வரும். மாடிக்கு மாடி போகும் கேபிள், இன்டர்நெட் ஒயர்களைக் கேமரா வழியாகப் பார்த்தால் தெரியாது. லீவு நாட்களில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மாடிகளில் காத்தாடி பறக்கும். மாஞ்சா நூலுக்குத் தடை இருந்தும் அறுந்த நூல்கள் ஒயர்களில் தொங்கிக்கொண்டிருப்பதை நான் இன்றும் பார்க்கிறேன். இறக்கையில் ஒரு முழம் சுற்றினால் போதும்.

செடிக்கு ஆவதை யாரும் யோசிப்பதில்லை. கொருக்குப்பேட்டையில் ஒரு பாட்டியின் மாடி. ஒரு நிகழ்ச்சிக் குழுவுக்கு உதவியாகப் போயிருந்தேன். அவரைப் பூவைக் கிட்டத்தில் காட்டுகிறேன் என்று ட்ரோனை ஐந்தாறு அடிக்கு இறக்கினார்கள். கீரை விதைத்து மூன்றாம் நாள், மேலே தூவியிருந்த நார்த்தூள் அப்படியே எழும்பியது. அவரைப் பூக்கள் கொத்தோடு உதிர்ந்தன. மூலையில் முறத்தில் காய்ந்த மோர்மிளகாய் பறந்து அடுத்த வீட்டு ஓட்டின் மேல் விழுந்தது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு மிளகாயாகப் பொறுக்கினார். குழு வண்டியில் ஏறிப் போய்விட்டது. நானும் பாட்டியோடு உட்கார்ந்து பொறுக்கினேன். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: செடிக்கு மேல் 15 அடிக்குக் கீழே ட்ரோன் வரக்கூடாது. அந்த உயரத்துக்கு ஒட்டடைக் கம்பே போதும் என்பதைக் கவனியுங்கள்.

காசும் ஓட்டுநரின் வாடகையோடு முடியாது. அரை நாள் வாடகை, காற்று அடித்தால் மறுநாளும் அதே வாடகை, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முந்தின நாளே போய்ச் சொல்லும் நேரம், ஏதாவது விழுந்தால் நஷ்டஈடு. நானோவுக்கு மேல் எடை உள்ளவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதன் தாளை ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். கோடையில் மொட்டை மாடியில்தான் பாதிப் பேர் தூங்குகிறார்கள். காலை ஆறு மணிக்குத் தலைக்கு மேல் கேமரா ரீங்காரமிட்டால் எந்தப் பெண்ணுக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

ட்ரோன்தான் சரி என்ற இடங்கள்: ஏக்கர் கணக்கில் பரந்தவை. மாதவரம் தோட்டக்கலைப் பூங்கா மாதிரி இடத்தில் பாதைகளும் பாத்திகளும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வேறு எதனாலும் காட்ட முடியாது. பூங்கா நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். புழல், செங்குன்றம் பக்கம் மிச்சமிருக்கும் கீரைப் பாத்திகள், பெரிய மைதானத்தோடு உள்ள பள்ளித் தோட்டம், இவற்றுக்கும் ட்ரோன் பொருந்தும். அங்கே ஒயர் குறைவு, அடுத்த மாடி என்ற பேச்சும் இல்லை.

பக்கத்து உயரமான மாடி

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நம் பக்கம் ஒரு மாடி வீட்டை ஒட்டியே மூன்று மாடி எழும்பி நிற்கும். அந்த மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் தோட்டம் 20 அடி கீழே, சாய்ந்த கோணத்தில் தெரியும். சாய்ந்த கோணம் குறையே இல்லை. நேர் மேலிருந்து பார்த்தால் செடியின் உயரம் தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும். சாய்வாகப் பார்த்தால் அகத்தி உயரமாக, கத்தரி இடையளவாக, கீரை தரையோடு, வரிசை வரிசையாகத் தெரியும்.

செலவு ஒரு டப்பா தக்காளியோ, ஒரு முழம் மல்லியோ. தோட்டத்தில் பறித்ததைக் கொடுத்துவிட்டுக் கேட்டால் வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. அபார்ட்மென்ட் என்றால் மொட்டை மாடிச் சாவி செயலாளரிடம் இருக்கும், முந்தின நாள் சொல்லி வையுங்கள். மறைமுகச் செலவு ஒன்றுதான்: கோணம் உங்கள் கையில் இல்லை. அந்தப் பக்கம் டேங்க் மறைத்தால் மறைத்ததுதான். கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி எடுக்காதீர்கள், போனில் கயிறு கட்டியிருந்தாலும் சரி.

இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, போனை அதே கோட்டில் வைத்து, ஆடியிலிருந்து தை வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, அதே நேரத்தில் ஒரு படம் எடுங்கள். ஏழு மாதத்தில் வெறும் தளம் தோட்டமாவதை அரை நிமிடத்தில் காட்டிவிடலாம். ஒரு நாள் வாடகைக்கு வரும் ட்ரோன் இதைச் செய்யாது. தொடர் நிகழ்ச்சி செய்கிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

ஒட்டடைக் கம்பு

நீளும் ஒட்டடைக் கம்பு பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் தலையைக் கழற்றிவிட்டுச் செல்போன் ஹோல்டரை இறுக்கிக் கட்டினால் தயார். 10 அடிக் கம்பை இடுப்பில் ஊன்றித் தூக்கினால் போன் 13 அடி உயரத்துக்குப் போய்விடும். அகல லென்ஸுக்கு மேலே சொன்ன கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது பாருங்கள். சுற்றிலும் உங்கள் வீட்டைவிடத் தாழ்ந்த வீடுகளாக இருந்தால் இதுதான் கைகொடுக்கும். அடுத்த வீட்டைப் படத்தில் வராமல் ஒதுக்குவதும் இதில் எளிது.

செய்யும் முறை: போனைக் கீழே பார்த்து 60 டிகிரி போலச் சாய்த்துக் கட்டுங்கள். ஹோல்டரோடு சேர்த்து ஒரு சணலைப் போனிலும் கம்பிலும் சுற்றிவிடுங்கள், ஹோல்டர் மட்டும் நம்பிக்கையில்லை. பதிவை ஆரம்பித்துவிட்டுத் தூக்குங்கள். ஒரு அடிக்கு இரண்டு விநாடி என்ற கணக்கில் மெதுவாக நடந்தால் ஆட்டம் குறையும். ஐந்து தடவை எடுத்தால் ஒன்று நன்றாக வரும், அதுவே போதும்.

ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை நன்றாக மனதில் வையுங்கள். அலுமினியக் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகும் வீடுகளில், மணலி, வியாசர்பாடிப் பக்கம் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு அருகில் உள்ள வீடுகளில், நீளமான கம்பை எடுக்கவே எடுக்காதீர்கள். மூங்கில் கழி என்றாலும் ஈரமாக இருந்தால் அதே ஆபத்துதான். அங்கே பக்கத்து மாடிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டுப் படிக்கட்டு அறைக் கூரை

மொட்டை மாடியில் படிக்கட்டு முடியும் அறை, அதன் மேல் தண்ணீர் டேங்க். எட்டு ஒன்பது அடி உயரம், யாரையும் கேட்க வேண்டாம். நின்றுகொண்டே கையைத் தூக்கினால் 15 அடி வந்துவிடும். ஆனால் அந்தக் கூரைக்குக் கைப்பிடிச் சுவர் இருக்காது, இரும்பு ஏணியைக் கடல்காற்று அரித்திருக்கும். திருவொற்றியூர், காசிமேடு பக்கம் ஏணியின் சுவரோடு சேரும் இடத்தை ஒரு தடவை தட்டிப் பாருங்கள், துரு உதிர்ந்தால் ஏறாதீர்கள். வயதானவர்கள் ஏற வேண்டாம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை, ஏறக்கூடிய கூரை இருந்தால் நல்ல வழிதான்.

செயற்கைக்கோள் படம்

கூகுள் எர்த், இஸ்ரோவின் புவன் இரண்டிலும் உங்கள் தெரு தெரியும். மாடியில் உள்ள தொட்டி தெரியாது, படமும் எப்போதோ எடுத்ததாக இருக்கும். ஆனால் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் "இந்த வீடு கடலிலிருந்து இவ்வளவு தூரம், இந்தப் பக்கம் கால்வாய்" என்று சொல்ல உதவும். உப்புக்காற்றுக்கு எந்தச் செடி தாங்கும் என்று பேசப்போகிறீர்கள் என்றால் அந்தத் தூரம் பார்க்கிறவருக்குத் தெரியத்தான் வேண்டும். தளத்தின் வரைபடத்தைக் கையால் ஒரு தாளில் வரைந்து அதன் பக்கத்தில் காட்டினால் இன்னும் நல்லது.

| வழி | கிடைக்கும் உயரம் | யாரிடம் அனுமதி | கண்ணுக்குத் தெரியாத செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| ட்ரோன் | 15 அடி முதல் 400 அடி | வான்வெளி வரைபடம், அக்கம்பக்கம், இட உரிமையாளர் | மறுநாள் வாடகை, காப்பீடு, பருந்து, ஒயர், செடி உதிர்வு | பூங்கா, கீரைப் பாத்தி, பள்ளி மைதானம் |
| பக்கத்து மாடி | 10 முதல் 30 அடி | அந்த வீட்டுக்காரர் | கோணம் மாற்ற முடியாது | மாதாமாதம் எடுக்கும் தொடர் |
| ஒட்டடைக் கம்பு | 12 முதல் 15 அடி | வேண்டாம் | கை வலி, போன் விழும் பயம், மின்கம்பி ஆபத்து | அரை கிரவுண்டு மாடி |
| படிக்கட்டு அறைக் கூரை | 9 முதல் 15 அடி | வேண்டாம் | துருப்பிடித்த ஏணி | திடமான ஏணி உள்ள வீடு |
| செயற்கைக்கோள் படம் | தெருவளவு பார்வை | வேண்டாம் | பழைய படம் | இருப்பிடம் சொல்ல |

எந்த நேரம்

எந்த வழியானாலும் காலை ஆறரையிலிருந்து எட்டு. நம் கடற்கரையில் கோடைக்காலத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பும். மேற்குக் காற்று பலமாக உள்ள நாளில் அது இரண்டு மூன்று மணிவரைகூடத் தள்ளிப் போகும், பிறகு ஒரேயடியாக வீசும். காலையில் இலை அசையாது, வெயில் சாய்வாக விழுவதால் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நிழல் இருக்கும், வரிசை பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பச்சைப் பூச்சாகிவிடும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடுங்கள். ஈரத் தளம் வெயிலில் பளபளத்துப் படத்தைக் கெடுக்கும். ஊற்றின பிறகு பத்து நிமிடம் கழித்து இன்னொரு படம் எடுத்தால் எந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். தளம் ஒழுகுகிறது என்று கீழ்வீட்டில் புகார் இருந்தால் அந்தப் படத்தைக் கொத்தனாரிடம் காட்டலாம், எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில் அது உதவியிருக்கிறது.

டீச்சர் வீட்டில் என்ன செய்தோம்

கொளத்தூர் டீச்சரின் மாடி 18க்கு 35 அடி. வடக்கே ஒட்டினாற்போல மூன்று மாடி அபார்ட்மென்ட். நிகழ்ச்சிக் குழுவிடம் பேசி, ட்ரோனுக்குப் பதில் வேறு படம் தருகிறோம், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். அபார்ட்மென்ட் செயலாளருக்கு ஒரு கட்டு பாலக் கீரை கொடுத்துச் சாவி வாங்கினோம். காலை ஆறே முக்காலுக்கு மேலேயிருந்து ஒன்று, ஏழேகாலுக்கு ஒட்டடைக் கம்பில் மூன்று எடுத்தோம். போன் வாடகை இல்லை, ஆள் வாடகை இல்லை.

எடுத்ததைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அவரிடம் காட்டினேன். ஆறு வருடமாகத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிய தோட்டத்தை அவர் முழுசாகப் பார்த்தது அன்றுதான். விரலால் திரையைப் பெரிதாக்கி, தண்ணீர் டேங்கின் நிழல் விழுந்த இடத்தில் நிறுத்தினார். நிழலுக்குள் ஏழு தக்காளித் தொட்டிகள் இருந்தன. "அதான் இதுங்க மட்டும் காய்க்கவே மாட்டேங்குது" என்றார். குழு வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்று மாலையே அவரும் மகனுமாக அந்த ஏழையும் கிழக்குச் சுவரோரம் நகர்த்திவிட்டார்கள். நிழல் விழுந்த இடத்தில் இப்போது கற்பூரவல்லியும் பிரண்டையும் இருக்கின்றன.